இறக்குமதி எலக்ட்ரிக் கிட்டார்: சரக்கு நல்லதா, பளபளப்பு மட்டும்தானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சுருதிபேதம்

வணக்கம். மூன்று வருடமாக அக்கூஸ்டிக் வாசிக்கிறேன், போன வாரம்தான் முதல் எலக்ட்ரிக் வாங்கினேன். ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவம், மேப்பிள் நெக் (கழுத்து), மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்), ஹெட்ஸ்டாக்கின் (நெக்கின் தலைப்பகுதி) பின்னால் இந்தோனேசியாவில் செய்தது என்று அச்சடித்திருக்கிறது. இணையத்தில் வாங்கியதால் முன்கூட்டியே கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. திருப்பி அனுப்ப இன்னும் எட்டு நாள் இருக்கிறது, அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

பார்க்க அட்டகாசமாக இருக்கிறது, பெயின்டில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் இது நல்ல கிட்டாரா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையை நெக்கில் ஓட்டினால் விளிம்பில் சுருக் சுருக்கென்று குத்துகிறது. எஃப் கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்க என் பழைய அக்கூஸ்டிக்கைவிடச் சிரமமாக இருக்கிறது (எலக்ட்ரிக்கில் எல்லாமே சுலபம் என்றுதானே சொன்னார்கள்?). ட்ரெமோலோ கையை (சுருதியை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) இரண்டு தடவை அழுத்தினால் சுருதி போய்விடுகிறது. அப்புறம், நெக் பாடியோடு சேரும் மூலையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிகிறது. மரம் விரிந்திருக்கிறதா, பெயின்ட்தானா என்று தெரியாமல் நேற்று தூக்கமே வரவில்லை.

கேட்டவர்களில் ஒருவர் "பெரிய பிராண்டுகளுக்கும் அதே ஆலையில்தான் செய்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்" என்கிறார். இன்னொருவர் "இறக்குமதி மலிவுச் சரக்கெல்லாம் விறகுக்கட்டை" என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

மரத்தூள்

தம்பி, அந்த இரண்டு பேச்சையும் ஓரமாக வையுங்கள். இருபது வருடத்துக்கு மேலாகக் கிட்டார் பழுது பார்க்கிறேன். என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் நீங்கள் சொல்லும் ரகம்தான்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இன்றைக்குப் பாடியையும் நெக்கையும் வெட்டுவது கணினி சொல்படி ஓடும் இயந்திரம். அது மலிவு கிட்டாருக்கும் விலையுயர்ந்த கிட்டாருக்கும் ஒரே துல்லியத்தில்தான் வெட்டுகிறது. பாலியெஸ்டர் பூச்சும் அப்படித்தான், கெட்டியாகப் பூசி மெருகேற்றினால் எல்லாமே கண்ணாடி. அதனால் வடிவமும் பளபளப்பும் உங்களுக்கு ஒன்றையும் சொல்லாது. விலை எங்கே குறைகிறது என்றால், மனுஷன் கை கடைசியில் எத்தனை நிமிடம் அதன்மேல் இருந்தது என்பதில். ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) முனைகளை உருட்டுவது, ஃபிரெட்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது, நட்டில் (ஹெட்ஸ்டாக் ஓரத்தில் கம்பிகள் உட்காரும் சின்னத் துண்டு) பள்ளம் அறுப்பது, இந்த மூன்றும் நேரம் தின்னும் வேலை. அவசரமாக முடித்த கிட்டாரில் இந்த மூன்றும்தான் முதலில் பல்லை இளிக்கும். நீங்கள் எழுதிய குறைகளில் இரண்டு அப்படியே இதில் வருகிறது பாருங்கள்.

விளிம்பில் குத்துவது ஃபிரெட் முனை. ஆலையில் சரியாகவே செய்திருந்தாலும்கூட, ஈரமான காற்றில் செய்த கிட்டார் வறண்ட காற்றுக்கு வந்ததும் ஃபிரெட்போர்டு (ஃபிரெட்கள் பதிந்திருக்கும் பலகை) மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், உலோகம் சுருங்காது, முனை வெளியே துருத்தும். விரல் நுனியால் தடவிப் பாருங்கள். லேசாக நெருடினால் அரைமணி நேர அரம் வேலை, அதற்காகத் திருப்பி அனுப்பாதீர்கள். தோலைக் கிழிக்கிற அளவுக்கு இருந்தால், அதிலும் முக்கியமாக ஃபிரெட்டுக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய தாள் நுழைகிற மாதிரி முனை தூக்கியிருந்தால், அது வேறு கதை. அது சரியாக உட்காராத ஃபிரெட்.

எஃப் கார்டு கஷ்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் நட். ஒவ்வொரு கம்பியாக இரண்டாவது ஃபிரெட்டுக்கும் மூன்றாவது ஃபிரெட்டுக்கும் நடுவே அழுத்துங்கள், அழுத்தியபடியே முதல் ஃபிரெட்டின் மேல் கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். தலைமுடி அளவுக்கு இருந்தால் போதும், தட்டினால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும். வெளிச்சம் தாராளமாக உள்ளே வந்தால் பள்ளம் ஆழம் போதவில்லை என்று அர்த்தம். இந்தக் குறையோடு முதல் மூன்று ஃபிரெட்டில் பிடிக்கும் கார்டெல்லாம் சுருதி ஏறியே ஒலிக்கும், சுருதி காட்டும் கருவியில் திறந்த கம்பி (விரல் வைக்காத கம்பி) சரியாகக் காட்டினாலும். நிறையப் பேர் இதைக் கேட்டுவிட்டு பிக்கப் சரியில்லை என்று பிக்கப்பை மாற்றுகிறார்கள்! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

ட்ரெமோலோ விஷயமும் பாதி நட்தான். கம்பியை முறுக்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வருகிறதா? வந்தால் கம்பி பள்ளத்தில் சிக்கிச் சிக்கி வழுக்குகிறது. ட்யூனரை (ஹெட்ஸ்டாக்கில் கம்பியை முறுக்கும் சாவி) பழி சொல்லாதீர்கள். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள். புதுக் கம்பியைக் கையால் நன்றாக இழுத்துவிட்டு மீண்டும் சுருதி சேர்த்தீர்களா என்பதும் ஒரு கேள்வி.

இனி நிஜமாகவே பயப்பட வேண்டியது. நெக்.

கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி பிடித்து, ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நட்டின் கோடும் கடைசி ஃபிரெட்டின் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது, அன்றைக்கே பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். பிறகு முதல் ஃபிரெட்டையும், நெக் பாடியைத் தொடும் இடத்திலிருக்கும் ஃபிரெட்டையும் ஒரே சமயத்தில் அழுத்தி, ஏழு எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். கால் மில்லிமீட்டர் சுமார், அதாவது விசிட்டிங் கார்டு தொட்டும் தொடாமலும் போக வேண்டும். அதிகமாகவோ சுத்தமாக இல்லாமலோ இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகத் தண்டு) கால் சுற்று திருப்பிவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பாருங்கள். ராட் திரும்புகிறதா, திரும்பினால் நெக் அசைகிறதா, இதுதான் சோதனை. ராட் ஏற்கெனவே கடைசிவரை முறுக்கப்பட்டிருந்து நெக் இன்னும் வளைந்தே இருந்தால் அந்தக் கிட்டார் வேண்டாம். இறுகி அசையாமல் இருந்தால் பலம் போடாதீர்கள், உடைந்தால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஃபிரெட் மட்டத்துக்கு ஒரு எளிய வழி: ஏடிஎம் அட்டையின் நேரான விளிம்பை மூன்று ஃபிரெட்களின் மேல் படும்படி நிற்க வையுங்கள் (மேலே ஏறஏற ஃபிரெட்கள் நெருங்கும், அப்போது அட்டையின் சின்னப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள்). ஊஞ்சல் மாதிரி ஆடினால் நடுவில் இருப்பது உயரம். எங்கேயாவது ஒன்றிரண்டு ஆடினால் சகித்துக்கொள்ளலாம். ஆறேழு இடத்தில் ஆடினால் முழு ஃபிரெட்டையும் தேய்த்து மட்டமாக்க வேண்டும், மலிவு கிட்டாரில் அந்தக் கூலி கிட்டார் விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

மூலையில் உள்ள கோட்டை மறந்துவிட்டேன். நெக்கைப் பிடித்து லேசாக அசையுங்கள். கோடு விரிந்து மூடாமல், நெக்கும் ஆடாமல் இருந்தால் அது பெயின்ட்தான். கெட்டிப் பூச்சு, நெக்கைத் திணிக்கும்போது அந்த மூலையில் வெடிக்கிறது. திருகு ஓட்டையிலிருந்து மர ரேகை போகிற திசையில் ஓடினால் மட்டும் எனக்குப் படம் அனுப்புங்கள்.

பழையவால்வு

மரத்தூள் அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை, அந்த "அதே ஆலை" வாதத்தைப் பற்றி மட்டும் நான்கு வரி.

அதே ஆலை என்பது பல நேரம் உண்மைதான். கொரியாவின் கோர்டெக் நிறுவனம் இந்தோனேசியாவில் நடத்தும் ஆலையிலிருந்து ஐபனெஸ், ஸ்குவையர், பிஆர்எஸ் எஸ்இ என்று வெவ்வேறு விலைக் கிட்டார்கள் வருகின்றன. ஆனால் ஆலை ஒன்று என்பதால் கிட்டார் ஒன்றாகிவிடாது. எந்த மரம், எந்தத் தரத்து ட்யூனர், ஃபிரெட் வேலைக்கு எவ்வளவு நேரம், எத்தனை சதவீதத்தைக் கழித்துக்கட்ட வேண்டும், இதையெல்லாம் தீர்மானிப்பது ஆர்டர் கொடுக்கிற பிராண்ட், அவர்கள் கொடுக்கிற காசு. ஒரே தையல்காரர் கல்யாணச் சட்டையும் தைப்பார், பள்ளிச் சீருடையும் தைப்பார், அந்த மாதிரி.

நாட்டை வைத்து எடைபோடுவதும் பயனில்லாத வேலை. ஜப்பான் கிட்டார் என்றாலே நகல் சரக்கு என்று சிரித்த காலம் ஒன்று உண்டு. 1977ல் கிப்ஸனின் தாய் நிறுவனம் நார்லின், ஐபனெஸின் அமெரிக்கக் கிளைமீது ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக வழக்குப் போட்டது. அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1982ல், ஃபெண்டரே ஜப்பானின் ஃபுஜிஜென் ஆலையில் தன் மலிவு பிராண்டான ஸ்குவையரைச் செய்ய ஆரம்பித்தது. அந்த முதல் வரிசைக் கிட்டார்களை இன்று சேகரிப்பவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்குகிறார்கள். அப்புறம் கொரியா மட்டம் என்றார்கள், பிறகு கொரியா பரவாயில்லை சீனா மட்டம் என்றார்கள், இப்போது இந்தோனேசியா. கூலி ஏறஏற ஆலை இடம் மாறுகிறது, வசவும் கூடவே மாறுகிறது. இதில் கசப்பான பக்கமும் உண்டு. கோர்டெக் 2007ல் கொரியாவில் வேலையைவிட்டு அனுப்பிய தொழிலாளர்களின் போராட்டம் 2019ல்தான் உடன்பாட்டில் முடிந்தது. மலிவு விலை என்பது எங்கேயோ யாரோ கொடுத்த விலையும்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விவரக்குறிப்பில் ஃபிரெட்போர்டு மரம் இந்தியன் லாரல் என்று பார்த்து ரோஸ்வுட் இல்லையே என்று வருத்தப்படுபவர்களுக்கு: 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் வந்தது, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி அனுப்ப முடியவில்லை, அந்தத் தொல்லையால் பல மலிவு மாடல்கள் வேறு மரத்துக்குப் போயின. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள், ஆனாலும் லாரல் பல மாடல்களில் அப்படியே தங்கிவிட்டது. கொஞ்சம் வெளிறிய நிறம், எண்ணெய் தடவினால் கறுக்கும். வாசிப்பதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கைநடுக்கம்

எல்லோரும் செட்டப் செய் (நெக், நட், கம்பி உயரத்தைச் சரிபார்த்து அமை), அரம் போடு, பென்சில் தேய் என்கிறீர்கள். காசு கொடுத்துப் புதிதாக வாங்கியவன் ஏன் இதையெல்லாம் செய்ய வேண்டும்? ஃபோன் வாங்கினால் நாமேவா ஸ்க்ரூ முடுக்குகிறோம்? என் அனுபவம் சொல்கிறேன். முதல் கிட்டாரை மலிவாக வாங்கினேன், பிக்கப் மாற்றினேன், ட்யூனர் மாற்றினேன், பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) மாற்றினேன். கூட்டிப் பார்த்தால் அந்தப் பணத்துக்கு ஒரு படி மேலான கிட்டாரைப் பழையதாக வாங்கியிருக்கலாம். விற்கப் போனபோது, மாற்றிப் போட்ட உதிரிப் பாகத்துக்கு எவனும் ஒரு பைசா சேர்த்துக் கொடுக்கவில்லை. ஆகவே என் யோசனை, திருப்பி அனுப்பிவிட்டுப் பழையதில் நல்லதாகத் தேடுங்கள்.

மரத்தூள்

கைநடுக்கம், கடைசிப் பாதியை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். மாற்றிப் போட்ட பாகம் திரும்ப வராத காசு. விற்கும்போது பழையதைப் பூட்டிவிட்டுப் புதியதைத் தனியாக விற்பதுதான் ஒரே வழி, அதற்குப் பழையதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஆனால் செட்டப் வேறு, பாகம் மாற்றுவது வேறு. மரம் காற்றைக் குடிக்கிற பொருள். விலை எதுவானாலும், கடல் தாண்டி வந்த கிட்டாருக்கு ஒரு முறை செட்டப் வேண்டும். முதல் தர அமெரிக்கக் கிட்டாருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். பழையது வாங்கலாம் என்பதும் சரி, ஆனால் தேய்ந்த ஃபிரெட்டைப் பார்த்தால் தெரிகிற கண் இருக்கிறவருக்கு. அந்தக் கண் இல்லாததால்தானே தம்பி இங்கே கேட்கிறார்.

உதிரிப் பாகம் பற்றி இன்னொன்று, இது யாரும் வாங்கும்போது யோசிப்பதில்லை. இறக்குமதிக் கிட்டார்களில் அளவுகள் ஒன்றுபோல இருக்காது. பிரிட்ஜில் கம்பிகளின் மொத்த அகலம் பழைய அமெரிக்க அளவில் 56 மில்லிமீட்டர், நிறைய இறக்குமதி மாடலில் 52.5. வால்யூம் பாட் (குமிழுக்கு அடியிலிருக்கும் மின்தடைப் பாகம்) 16 மில்லிமீட்டர் குட்டி ரகம், அதன் ஓட்டை சிறிசு, பெரிய 24 மில்லிமீட்டர் பாட் போட வேண்டுமானால் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். குமிழின் உள்பல்லும் பொருந்தாது. சில அடிமட்ட மாடல்களில் பாடியே சில மில்லிமீட்டர் மெலிசாக இருக்கும், கனமான ட்ரெமோலோ பிளாக் (பிரிட்ஜுக்கு அடியில் பாடிக்குள் நிற்கும் உலோகக் கட்டை) வாங்கிப் போட்டால் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். மேலே பூட்டியிருக்கிற பாகம் பிடிக்கவில்லை, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வாங்குகிறவர் முதலில் அளவுகோலை எடுத்து அளக்கட்டும்.

செராமிக் காந்தப் பிக்கப் என்றாலே மட்டம் என்று நினைக்காதீர்கள், அது உரக்க, கொஞ்சம் கடுமையாக ஒலிக்கும், அவ்வளவுதான். பிக்கப் உயரத்தை ஒரு ஸ்க்ரூட்ரைவரால் இறக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் திட்டுங்கள். குமிழைத் திருப்பினால் கரகரவென்று வருகிறதா, பிக்கப் மாற்றும் ஸ்விட்சின் ஐந்து நிலையிலும் சத்தம் வருகிறதா, வயர் செருகும் ஜாக் ஆடுகிறதா, இதெல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இவை எல்லாமே மலிவாகச் சரிசெய்யக்கூடியவை. நெக்கும் ஃபிரெட்டும் அப்படியில்லை.

சுருதிபேதம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

நெக் முறுக்கவில்லை, நட்டும் கடைசி ஃபிரெட்டும் இணையாகத்தான் இருக்கின்றன. நடுவில் இடைவெளி அதிகம், ஏடிஎம் அட்டையே நுழைந்துவிட்டது. பயந்துகொண்டே ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பினேன், காலையில் பார்த்தால் குறைந்திருக்கிறது. இன்னொரு கால் சுற்று போதும் என்று தோன்றுகிறது. ஃபிரெட் ஆடுவது இரண்டு இடம், 9லும் 14லும், 14ல் லேசாகத்தான். முனைகள் எதுவும் தூக்கவில்லை, நெருடல் மட்டும். நட்டில் மெல்லிய கம்பிகள் இரண்டுக்கும் இடைவெளி பரவாயில்லை, தடித்த மூன்று கம்பிக்கும் வெளிச்சம் நன்றாகவே வருகிறது. டிங் சத்தம் ஜி கம்பியில் தெளிவாகக் கேட்டது, பென்சில் தேய்த்த பிறகு கணிசமாகக் குறைந்தது.

மூலைக் கோடு நெக்கை அசைத்தால் அசையவில்லை. பெயின்ட்தான் போலிருக்கிறது.

புதிதாக ஒன்று கண்டுபிடித்தேன். மெல்லிய இ கம்பி ஃபிரெட்போர்டின் விளிம்புக்கு மிக அருகில் ஓடுகிறது, மேலே 15வது ஃபிரெட் பக்கம் வளைத்தால் விளிம்பைத் தாண்டி விழுந்துவிடுகிறது. தடித்த இ பக்கம் நிறைய இடம் இருக்கிறது. இது பெரிய குறையா?

மரத்தூள்

இல்லை. நெக் பள்ளத்தில் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, பின்னாலுள்ள நான்கு திருகையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, நெக்கைச் சரியான பக்கம் இழுத்துப் பிடித்தபடி முடுக்குங்கள். நேராகிவிடும். பள்ளத்தில் அசைய இடமே இல்லாமல் இன்னும் சாய்ந்திருந்தால், பிரிட்ஜையே தப்பான இடத்தில் துளை போட்டிருக்கிறார்கள், அப்போது அனுப்பிவிடுங்கள். இதை இன்றைக்கே பாருங்கள், எட்டு நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

மற்றபடி உங்கள் அறிக்கையை என் மேசைக்கு வந்த கிட்டார் மாதிரி படித்தேன். நெக் நல்ல நெக், ராட் வேலை செய்கிறது, இரண்டு ஃபிரெட் உயரம், நட் பாதி அறுத்தது. வைத்துக்கொள்ளுங்கள். நட்டை மட்டும் நீங்களாக அறுக்காதீர்கள், ஒரு இழை அதிகமாக இறங்கிவிட்டால் திறந்த கம்பி ஃபிரெட்டில் பட்டு இரையும், புது நட்தான் போட வேண்டும். அதற்கென்று கம்பி தடிமனுக்கேற்ற அரங்கள் இருக்கின்றன, இருக்கிறவரிடம் கொடுங்கள், ஃபிரெட் முனையையும் 9வது ஃபிரெட்டையும் அதே நேரத்தில் பார்த்துவிடுவார்.

இரவல்ஆம்ப்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே சோதனைகள் (கிப்ஸனின்) லெஸ் பால் வடிவக் கிட்டாருக்கும் பொருந்துமா? நான் பார்த்து வைத்திருக்கும் ஒன்றில் ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே நெக்கின் பின்னால் குறுக்காக ஒரு கோடு இருக்கிறது.

பழையவால்வு

கோடு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், சீராக, சாய்வாகப் போனால் அது ஒட்டு. ஹெட்ஸ்டாக்கைத் தனித் துண்டாக வெட்டிச் சாய்த்து ஒட்டுவார்கள், மரம் மிச்சம், பலமும் குறையாது. கோணல்மாணலாக, நகம் மாட்டுகிற மாதிரி இருந்தால் முறிந்து ஒட்டியது. அந்த வடிவத்தில் பழையது வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

ஒரு சோதனை மட்டும் கூடுதல். அங்கே நெக்கைத் திருகாமல் ஒட்டியிருப்பார்கள். பிரிட்ஜ் கடைசிவரை இறங்கிப் பாடியில் உட்கார்ந்திருந்தும் கம்பி இன்னும் உயரமாக நின்றால் நெக் கோணம் தப்பு. திருகு நெக்காக இருந்தால் அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்துச் சமாளிக்கலாம், ஒட்டிய நெக்கில் முடியாது. மேலே புலிக்கோடு போட்ட மேப்பிள் மரம் தாள் கனத்து ஏடுதான், சிலதில் வெறும் அச்சுப் படம். அது ஏமாற்று இல்லை, அந்த விலைக்கு அப்படித்தான், ஆனால் அந்தக் கோடுகளுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

சுருதிபேதம்

திருகைத் தளர்த்தி இழுத்தேன், 'டக்' என்று நகர்ந்தது. இ கம்பி இப்போது உள்ளே வந்துவிட்டது. பெட்டியை மடித்துப் பரணில் போட்டாயிற்று. நட் வேலைக்கு அடுத்த வாரம் ஒருவரிடம் கொடுக்கிறேன்.

கைநடுக்கம்

பெட்டியை எட்டு நாள் முடியும்வரை கிழிக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.